அவள் பெயர் இருந்த பிரதி

திருவனந்தபுரத்துக் கம்பெனி எங்கள் கிளைக்கு ஒரே ஒரு லாகின்தான் கொடுத்திருந்தது. அது என் பெயரில் இருந்தது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஒரு நாள் பயிற்சிக்கு யாராவது ஒருவர் வாருங்கள் என்று அவர்கள் கூப்பிட்ட அன்று, என்னோடு வேலை செய்த அவளுக்குக் காய்ச்சல். நான் போனேன். இன்னொரு பெயர் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தப் படிவம் எங்கள் மேலாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில், ஒரு நகைக்கடைக் காலண்டர் அட்டைக்குப் பக்கத்தில், கடைசிவரை வெள்ளையாகவே கிடந்தது.

கிளை என்பது பெரிய வார்த்தை. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடையின் மாடி. மூன்று கம்ப்யூட்டர், ஒரு மோடம், சுற்றுகிற மின்விசிறி ஒன்று, சுற்றாதது ஒன்று. ஆட்களும் மூன்று பேர்தான். மேலாளர் அந்த ஊர்க்காரர். மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட மட்டும் தெரியும், அதிலும் தோற்பார். நான் பாறசாலை, பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எதற்கும் பொறுமையில்லாமல் திரிந்துகொண்டிருந்தவன். அவள் காரோட்டிலிருந்து வருவாள். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். 

நாங்கள் செய்துகொண்டிருந்தது பள்ளிக்கூடங்களுக்கான ஒரு பட்டியல் புரோகிராம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரே வகுப்பில் தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் உண்டு. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இரண்டு மொழியிலும் அகர வரிசையில் வர வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். அந்தக் காலத்து எழுத்துருக்களில் கெ, செ, தெ என்று அடிக்க முதலில் கொம்பை அடிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அந்தக் கொம்பு ஒரு தனி எழுத்து. வரிசைப்படுத்தச் சொன்னால் கெ-யில் தொடங்கும் பிள்ளையும் தெ-யில் தொடங்கும் பிள்ளையும் ஒரே மூலையில் போய் நின்றுகொள்வார்கள். மலையாளத்திலும் இதே கதைதான். நான் இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் கட்டம் போட்டு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் எழுதி, திரையில் தெரியும் பெயரை உள்ளுக்குள் வேறொரு பெயராக மாற்றி, அதை வரிசைப்படுத்தி, மறுபடி பழைய பெயரைக் காட்டுகிற மாதிரி ஒன்று செய்தாள். பதினொரு நாள் ஆயிற்று. முதல் பட்டியல் சரியாக வந்த அன்று சாயா குடிக்கக்கூட எழுந்திருக்காமல், பிரிண்டர் ஒவ்வொரு வரியாகக் கக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனிகளில் பழைய கறுப்புக் கறை இருந்தது. டிப்ளமாவுக்கு முன்னால் ஒரு வருஷம் அம்மாவோடு அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, கொட்டை தல்லி உடைக்கப் போயிருக்கிறாள். அந்த எண்ணெய் பட்டால் லேசில் போகாது. 

"இத வச்சு ஒரு நல்ல கம்பெனியில கேறிட்டா போரும்," என்று ஒருநாள் சொன்னாள். "இல்லேங்கில் அடுத்த சீசன்ல அம்மைக்க கூட நானும் இருந்து கொட்டை தல்லணும். வீட்டுல பேசி முடிச்சாச்சு."

சாயாவில் பருப்பு வடையை முக்கியபடிதான் அதைச் சொன்னாள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு முதல் மாதத்திலேயே தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

புரோகிராமின் தலைமைப் பிரதி திருவனந்தபுரத்தில், கம்பெனியின் சர்வரில் இருந்தது. நாங்கள் மோடத்தில் போன் போட்டு, வேண்டிய பைலை எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்ற வேண்டும். ஒருவர் எடுத்த பைல் பூட்டிக்கொள்ளும். அவர் திரும்ப வைக்கும்வரை வேறு யாரும் தொட முடியாது. இதெல்லாம் நல்ல ஏற்பாடுதான், போன் லைன் நன்றாக இருந்தால். எங்கள் லைன் மழை வருமோ என்று வானம் யோசிக்கும்போதே செத்துவிடும். ஒரு ஜூன் மாதம் பைல் என் கையில் பூட்டிக் கிடக்க, லைன் ஆறு நாள் வரவில்லை. அந்த ஆறு நாளும் அவள் செய்ய வேலை இல்லாமல் மேலாளருக்குச் சீட்டு சொல்லிக் கொடுத்தாள். 

அப்போதுதான் எனக்கு ஒரு சின்ன நிரல் கிடைத்தது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், யாரோ ஒரு வெளிநாட்டு மாணவன் எழுதிப் பாதியில் விட்டது. அது தலைமைப் பிரதி என்ற எண்ணத்தையே தூக்கிப் போட்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் முழுப் பிரதி, அதோடு முழு வரலாறு. யார், எந்த நாள், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பது எல்லோர் பிளாப்பியிலும் இருக்கும். பூட்டு கிடையாது. அவரவர் பாட்டுக்கு வேலை செய்துவிட்டு, பிளாப்பியை மாற்றிக்கொண்டு, இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒரே வரியைத் தொட்டிருந்தால் மட்டும் எதை வைப்பது என்று கேட்கும். நான் இரண்டு வாரம் பைத்தியமாகத் திரிந்தேன். அவன் விட்ட பாதியை நான் எழுதினேன். கல்ஃபிலிருந்து அண்ணன் கொண்டுவந்த கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. காலையில் பல் தேய்க்கும் முன் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

திருவனந்தபுரத்துக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்குச் சர்வர்தான் சர்வம். எனவே நான் ஒரு பாலம் போட்டேன். பகல் முழுவதும் நானும் அவளும் எங்கள் முறையில் வேலை செய்வோம். சாயங்காலம் லைன் கிடைக்கிற நேரத்தில், சேர்த்து வைத்த கடைசி வடிவத்தை நான் சர்வரில் ஒரே மூட்டையாக ஏற்றுவேன். எங்கள் பிளாப்பியில் அது இருபது சின்ன மாற்றமாக இருக்கும், பதினாலில் அவள் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். சர்வர் அதை ஒரே மாற்றம் என்று எழுதிக்கொள்ளும். பக்கத்தில் என் பெயர்.

அவள் இதைக் கவனித்தாள். மெதுவான ஆள் இல்லை.

"எலே மக்கா, அங்க சர்வர்ல எனக்க பேரு வருமா?"

"இங்க ஒவ்வொரு வரிக்கும் உங்க பேரு உண்டுல்லா அக்கா. ரெண்டு பேருக்க பிளாப்பியிலயும் உண்டு. யாரு நினைச்சாலும் அழிக்க ஒக்காது."

"இங்க உண்டு. நான் அங்க கேட்டேன்."

"அங்க குறிப்பு எழுத இடம் உண்டு. அதுல எழுதுதேன்."

எழுதவும் செய்தேன். முதல் மூன்று வாரம் குறிப்பில் அவள் முதல் எழுத்துகளைப் போட்டேன். பிறகு லைன் அறுகிற அவசரத்தில் ஒருநாள் விட்டேன். அடுத்த நாளும் விட்டேன். மூன்றாம் நாள் போட்டால் முதல் இரண்டு நாள் ஏன் போடவில்லை என்று தோன்றும் என்று விட்டேன். அந்த வாரக் கடைசியில் திருவனந்தபுரத்து என்ஜினியர் போன் செய்தார். எங்கள் வேலையை அங்கிருந்து மேற்பார்வை பார்க்கிறவர் அவர்தான்.

"அந்தத் தமிழ் வரிசை, கொள்ளாமல்லோ," என்று மெச்சினார். "எப்படி யோசிச்சே?"

அவள் எனக்கு எதிரே இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு மேப்பிங் போட்டேன் சார்," என்றேன். போட்டோம் என்று சொல்லியிருந்தாலும் போதும். இரண்டு எழுத்து வித்தியாசம். போனை வைத்ததும் அவள் கேட்டாள்.

"யாரு?"

"திருவனந்தபுரம். லைன் எப்படி உண்டுன்னு கேட்டாரு."

அவளுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் தன் நான்கு பிளாப்பிகளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சோற்றுப் பாத்திரத்துக்கு மேல் வைத்து எடுத்துப் போவாள். மேலாளருக்கு அது தினசரிக் கேலி.

"மீன் பொதியுத மாதிரி பொதிஞ்சுகொண்டு போறியே பிள்ளே. வீட்டில கம்ப்யூட்டரும் இல்ல, பாதி நேரம் கறண்டும் இல்ல. இத வச்சு தோசை சுடவா?"

"சுட்டா சாருக்கும் ரெண்டு கொண்டு வாறேன்."

"காரோட்டில இருந்து கொண்டு வந்தா அதிலயும் மீன் மணக்கும்."

"சாருக்க மூக்கு எப்பவும் என் பாத்திரத்திலயாக்கும் இருக்கு."

நான் சிரிப்பேன். இரண்டு பக்கத்துக்கும் சிரிப்பேன். அவள் வீட்டில் யாரும் மீன் பிடிக்கிறவர்கள் இல்லை, அப்பா மரச்சீனிக் கிழங்கு பயிர் செய்கிறவர் என்று எனக்குத் தெரியும். மேலாளருக்கும் தெரியும். காரோடு என்றால், கடற்கரைப் பக்கம் என்பதால், அவருக்கு அந்த ஒரு நகைச்சுவைதான் கைவசம், அதற்காகத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கிளையை மூடுகிறார்கள். வேலை முழுவதும் இனித் தலைமை ஆபீசில் நடக்கும். இங்கிருந்து ஒரு ஆளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க என்ஜினியர் சனிக்கிழமை நேரில் வருகிறார். மேலாளர் அதை உரக்கப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு ரப்பர் கடை இருந்தது, கவலை இல்லை.

"ரெண்டு பேருக்கு ஒரு நாற்காலி," என்றார். "தள்ளிக் கேறுங்க மக்களே."

அவள் கலங்கவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்று சாயாக்கடையில் என்னிடம் சொன்னாள், "எலே, நீ எங்கயும் கேறிருவ. உனக்கு இங்கிலீஷ் உண்டு, அண்ணன் உண்டு, வீட்டில கம்ப்யூட்டர் உண்டு. இது எனக்கு இருக்கட்டும். நான் செஞ்சத நான் காட்டுவேன், நீ செஞ்சத நீ காட்டு. அதுல உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன அக்கா."

அவள் என்னிடம் உதவி கேட்கவில்லை. குறுக்கே நிற்காதே என்று மட்டும்தான் கேட்டாள். அது எனக்கு அன்றே புரிந்தது. எனக்கு அந்த வேலை தேவையா என்றால், இல்லை. வேண்டுமா என்றால், அந்தக் கம்பெனிக் கட்டடத்தின் படத்தைப் பத்திரிகையில் பார்த்த நாள் முதல் வேண்டும். கண்ணாடிச் சுவர், ஒவ்வொரு மேசையிலும் ஒரு கம்ப்யூட்டர், அறுகாத லைன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்ஜினியர் காரில் வந்தார். மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலாளர் சுற்றாத மின்விசிறிக்குக் கீழே நின்றார். என்ஜினியர் பையிலிருந்து ஒரு அச்சடித்த தாள் கட்டை எடுத்து விரித்தார். சர்வரின் பதிவேடு. தேதி, நேரம், பெயர், குறிப்பு. பத்து மாதம். பெயர் என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை என் பெயர்.

அவர் அவளைப் பார்த்தார். "நீ இவிடே என்ன செய்துகொண்டிருந்தாய்?" மலையாளத்தில்தான் கேட்டார். கோபம் ஒன்றும் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

அவள் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து நான்கு பிளாப்பிகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். குறிப்பில் தன் முதல் எழுத்துகள் இருந்த அந்த மூன்று வாரத்தைத் தாளில் காட்டினாள். பிறகு எங்கள் ஏற்பாட்டைச் சொன்னாள். நானே சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. சர்வருக்கு ஏன் ஒரே பெயர் தெரிகிறது, எங்கள் பிரதியில் எப்படி இரண்டு பெயரும் இருக்கின்றன, ஒவ்வொரு பிரதியும் ஏன் முழுமையானது. என்ஜினியர் பிளாப்பியைப் போட்டுப் பார்த்தார். திரையில் அவள் முதல் எழுத்துகளும் குறிப்புகளும் இறங்கின. கொம்பு தனியாக நிற்கிறது. கொம்பை உள்ளே தள்ளியாயிற்று. மலையாளத்துக்கும் அதே. ஔ பாக்கி. ஔ சரியாயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அந்த அரை நிமிஷம் திருவனந்தபுரத்து வேலையில் அவள்தான் இருந்தாள்.

"ஞங்ஙளுக்கு இது தெரியில்லல்லோ," என்றார் மேலாளரைப் பார்த்து. "இந்தக் குட்டியா இதெல்லாம் செய்தது?"

மேலாளருக்குத் தெரியும். அவள் பதினொரு நாள் கட்டம் போட்டதைப் பார்த்தவர். அவர் படிவத்தை அனுப்பாதது வெளியே வரும் என்பதும் அவருக்குத் தெரியும். "ரெண்டு பேரும் ஒரே மேசையில இருப்பாங்க சாரே," என்றார். "யாரு எத தட்டினாங்கன்னு ஞான் நோக்கியிட்டில்ல."

என்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பிளாப்பியில் உள்ளதை நம்பலாமா?"

நான் பொய் சொல்லவில்லை. "இது சாதாரண டெக்ஸ்ட் பைல்தான் சார்," என்றேன். "சர்வர் மாதிரி இல்ல. இதுல தேதியும் பேரும் யாரு வேணுமானாலும் மாத்தலாம்."

"காட்டு."

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். நேரமாகும் சார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அந்த நிரலை எழுதியவன். அதை நன்றாகத் தெரிந்தவன் என்று காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அவள் நாற்காலியை ஒட்டி நின்றபடியே கீபோர்டை இழுத்து, அவளுடைய பிளாப்பியிலேயே, அவள் முதல் எழுத்துகள் இருந்த இடங்களிலெல்லாம் மேலாளரின் முதல் எழுத்துகளைப் போட்டேன். முழு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் மறுபடி அதே வரலாறு இறங்கியது. கொம்பை உள்ளே தள்ளியது மேலாளர். ஔ சரியாக்கியது மேலாளர்.

மேலாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாத்தியாலே, தமிழ் வரிசை நானாக்கும் எழுதினது. எனக்கே தெரியாம போச்சு. சாரே, என்ன எடுத்துக்கிடுங்க."

என்ஜினியரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றாள், "அதில எந்த வரிய கேட்டாலும் நான் சொல்லுதேன். எதுக்கு எழுதினேன்னும் சொல்லுதேன். கேட்டுப் பாருங்க."

அவர் வாட்சைப் பார்த்தார். "படிச்சிட்டு வந்தா யாரும் சொல்லலாம், மோளே," என்று அன்பாகத்தான் சொன்னார். "ஆறு மாதத்தில் இன்னும் ரெண்டு பேரை எடுப்போம். அப்போ ஒரு அப்ளிகேஷன் அனுப்பு. ஞான் நோக்காம்." 

அவள் பிளாப்பியை வெளியே எடுத்து மற்ற மூன்றோடு வைத்துக் கவரைச் சுற்றினாள். அந்த ஒன்றில் இப்போது மேலாளர் இருந்தார். வரலாறு இருந்த பிளாப்பி அவளிடம் அந்த ஒன்றுதான். மாற்றத்தைத் திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் வீட்டில் நல்ல பிரதி இருந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே பஸ். எங்கள் ஊருக்குப் போகிற வழிதான் அவளுக்கும். பாறசாலையில் இறங்கி அவள் வேறு பஸ் மாற வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அமரவிளை தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லல அக்கா. அது மாத்தலாம்ங்கறது நெசந்தான்."

"நெசந்தான். நீ பொய் சொன்னேன்னு நான் சொன்னேனா?"

"ஆறு மாசத்தில—"

"எனக்க கணக்குக்கு அதுக்குள்ள சீசன் வந்திரும், மக்கா. நீ விடு." கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டாள். "ஒரு காரியம் செய்யி. உனக்க வீட்டு கம்ப்யூட்டர்ல எனக்க பேரு உண்டுல்லா. அத எடுத்திரு."

"எதுக்கு?"

"அங்க இல்லாத பேரு இங்க எதுக்கு? எடுத்திரு, கேட்டியா."

"எடுத்திருதேன்," என்றேன். கோபத்தில் சொல்கிறாள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாறசாலையில் இறங்கினோம். அவள் பஸ் வர நேரமிருந்தது. நான் நிற்கவில்லை.

நான் எடுக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சோம்பல். ஒரு முழு வரலாற்றில் கை வைக்க மனசும் வரவில்லை. அது என் நிரல், ஒழுங்காக வேலை செய்வதற்கு அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் எனக்கு வேலை கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் எழுந்து நின்று தலையைக் குனிந்தேன். பக்கத்தில் அம்மா கண்ணைத் துடைத்தாள்.

திருவனந்தபுரத்தில் லைன் அறுகவில்லை. அது ஒன்றுதான் நான் நினைத்த மாதிரி இருந்தது. மற்றபடி, அந்த வரிசைப் புரோகிராமைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். வீட்டுக்கு வந்து என் பிரதியைத் திறந்து, அவள் குறிப்புகளைப் படித்து, காலையில் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொல்வேன். படித்துவிட்டு வந்தால் யாரும் சொல்லலாம் என்று என்ஜினியர் சொன்னது சரிதான். ஐந்து மாதம் அப்படியே சொன்னேன். நல்ல பெயர்கூட வாங்கினேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் குன்னத்துகாலில் ஒரு பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் போன் செய்தார். பத்தாம் வகுப்பு ஓணப் பரீட்சைப் பட்டியலில் ஒரு பெண்ணைக் காணோம். அந்த வகுப்பில் ஒரே பெயர், ஒரே இனிஷியலில் இரண்டு பெண்கள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. சபைக்குச் சபை அதே பத்துப் பெயரைத்தான் சுற்றிச் சுற்றி வைப்பார்கள். புரோகிராம் இரண்டு பேரையும் ஒருத்தி என்று நினைத்து ஒருத்தியை விட்டுவிட்டது. தலைமையாசிரியர் போனில் போட்ட சத்தம் இரண்டு மேசை தள்ளிக் கேட்டது. என்ஜினியர் என்னைக் கூப்பிட்டார்.

"உன் புரோகிராம்," என்றார். "சர்வரில் முழுக்க உன் பெயர்தான். என்ன சொல்கிறாய்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் வரலாற்றைத் திறந்து அந்த இடத்தைத் தேடினேன். கிடைத்தது. அவள் முதல் எழுத்துகள், கூடவே அவளுடைய குறிப்பு: ஒரே பெயர், ஒரே இனிஷியல் வந்தால் ஒன்று விழுகிறது, இப்போதைக்கு இப்படி இருக்கட்டும், பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொரு குறிப்பு, அவளுடையதுதான்: சேர்க்கை எண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது, இனி விழாது. சரிசெய்திருக்கிறாள். அப்படியென்றால் சர்வரில் ஏன் இல்லை? அதற்கும் கீழே பார்த்தேன். அதே நாளில் அதே வரியில் நானும் ஏதோ கை வைத்திருக்கிறேன், ஓர் இடைவெளியைச் சரிசெய்திருக்கிறேன். சேர்க்கும்போது நிரல் கேட்டிருக்கிறது, எதை வைப்பது என்று. நான் என்னுடையதை வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்ததாக நினைவில்லை.

மறுநாள் ஒரு பிளாப்பியோடு ஆபீசுக்குப் போனேன். அதில் முதல் குறிப்பு வரைக்கும் உள்ள வரலாற்றை மட்டும் வைத்திருந்தேன். என்ஜினியரின் மேசையில் போட்டுக் காட்டினேன்.

"இந்த இடம் மட்டும் அந்தக் காரோட்டு அக்கா எழுதினது சார். பாருங்க, இனிஷியல் உண்டு. பிழை இருக்குன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. சரிசெய்யாம விட்டுட்டாங்க. நான் நம்பி ஏத்திட்டேன்."

அவர் குனிந்து படித்தார். தேதியைப் படித்தார். முதல் எழுத்துகளைப் படித்தார். இதை யாரும் மாற்றலாமே என்று அவர் கேட்பார் என்று பஸ்ஸில் இரண்டு மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை.

"தெரிஞ்சும் விட்டிருக்கா," என்றார். "கண்டோ. நல்ல வேளை."

மேசையின் வலதுபக்கத் தட்டில் அடுக்கியிருந்த விண்ணப்பங்களைப் புரட்டி ஒன்றை உருவினார். அந்த வாரம் இரண்டு பேரை எடுக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவளும் அனுப்பியிருக்கிறாள் என்று தெரியாது. என்ஜினியர் அதை என்னிடம் நீட்டினார்.

"நின்றெ நாட்டுப் பக்கம்தானே. இதைத் திருப்பி அனுப்பிவிடு. இரண்டு வரி போதும்."

என் இடத்துக்கு வந்து முதலில் பிழையைச் சரிசெய்தேன். வீட்டிலிருந்து தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்த அவளுடைய ஏழு வரிகளைத் தட்டி, சர்வரில் ஏற்றினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. பதிவேட்டில் தேதி, நேரம், என் பெயர். குன்னத்துகாலுக்குப் புதுப் பட்டியல் போயிற்று, அந்தப் பெண் பரீட்சை எழுதினாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் என்ஜினியர் வேறு இரண்டு பேரிடம் என்னைக் காட்டி, "பத்து நிமிஷம்," என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் விண்ணப்பத்தைப் பார்த்தேன். கையால் எழுதியிருந்தாள், நல்ல எழுத்து. மூலையில் ஒட்டியிருந்த படத்தில் எண்ணெய் வைத்துத் தலைவாரி நேராகப் பார்த்தாள். முன்னனுபவம் என்ற இடத்தில் ஒரே வரி: பள்ளிப் பட்டியல் புரோகிராம் வேலையில் பத்து மாதம் உதவியாக இருந்தேன். வரிசையைப் பற்றி ஒன்றும் இல்லை. உதவி என்றால் நம்புவார்கள் என்று பார்த்திருக்கிறாள். இப்போதைய வேலை என்ற இடத்தில் அண்டி ஆபீசின் பெயரை எழுதியிருந்தாள்.

தற்சமயம் காலியிடம் இல்லை, விண்ணப்பம் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது என்று தட்டி, என்ஜினியரிடம் கையெழுத்து வாங்கினேன். கவரில் முகவரியை நானே எழுதினேன். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும் என்று ஒட்டிய பிறகுதான் தோன்றியது. புதுக் கவர் எடுத்து, அதையும் டைப் அடித்து, மூன்றரை மணித் தபாலில் போட்டேன்.